சோற்று ஜன்னல்

வாங்குவதற்கு முன்னால் ஓர் இன்ஜினீயரைக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டைக் காட்டிவிடலாம் என்று மீட்டர்காரர் சொன்னதும் பெரியவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காலர் வைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷின் மேலேயே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“நான் வளந்த வீடுங்க அது. ஊர் பேர் தெரியாத யாரோ வந்து தட்டிப் பாத்து, நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுக்கணுமாக்கும்?”

“வளந்தப்போ வாடகைக்குத்தானே இருந்தீங்க? வாடகை வீடு ஒழுகினா வீட்டுக்காரனைத் திட்டலாம். சொந்த வீடு ஒழுகினா யாரைத் திட்டுவே?”

“உங்களைத்தான்.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

மீட்டர்காரர் அவளுடைய புருஷன். கரண்ட் ஆபீசில் வேலை. வீடுவீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற உத்தியோகம். தெருவே அவரை மீட்டர்காரர் என்று கூப்பிட, இவளும் வெளியாரிடம் பேசும்போது ‘எங்க மீட்டர்காரர்’ என்றே சொல்லிப் பழகிவிட்டாள். ஊரில் எந்த வீட்டின் முன்பக்கமும் அவருக்கு நினைவில் நிற்காது. மாடிப்படிக்கு அடியிலும் கக்கூஸ் சந்திலும் மீட்டர் பெட்டி மாட்டியிருக்கிற இடங்கள்தான் தெரியும். முன்னால் பளபளவென்று பெயிண்ட் அடித்த வீட்டுக்குப் பின்சுவர் பொருமி நிற்பதையும், கை வைத்தால் காரை பொலபொலவென்று உதிர்வதையும் பார்த்துப் பார்த்து, மனிதருக்கு எதன்மேலும் சட்டென்று நம்பிக்கை வராமல் போய்விட்டது. கத்தரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காம்பைப் பார்ப்பார். காய்கறிக்காரர் அவர் தலையைக் கண்டாலே பக்கத்துக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

“என்னை மட்டும் எதையும் தட்டிப் பாக்காம கட்டிக்கிட்டீங்களே” என்றாள் பெரியவள்.

“அதுல பட்டதுக்கு அப்புறம்தான் எல்லாத்தையும் தட்டிப் பாக்கறேன்.”

பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பாவாடைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்த அம்மா, அப்பா இறந்த பிறகு மகளோடேயே தங்கிவிட்டவள், அதற்கு மட்டும் சிரித்தாள். வீட்டைப் பற்றிய பேச்சில் அவள் வாயைத் திறக்கவே இல்லை. வயதான காலத்தில் பழைய வீட்டுக்கே திரும்பப் போகிறோம் என்கிற சந்தோஷத்தில் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை அவளுடையது. ஒடுங்கலான ஒரு அறை. இரண்டு மெஷின், வெட்டுகிற மேஜை, அறை முழுக்க ஒரே நீலமும் வெள்ளையும். பள்ளிக்கூடம் திறக்கிற காலத்தில் மூச்சு விட நேரமிருக்காது. மிதித்து மிதித்து முழங்காலுக்குக் கீழே மரத்துப் போகும்போதெல்லாம் அவள் மனசு ஓடிப்போய் நிற்கிற இடம் அந்த வீடுதான்.

வீடு பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் இருந்தது. கீழே முன்பக்கம் வீட்டுக்காரர் குடும்பம், பின்பக்கம் இவர்கள், மாடியில் ஒற்றை அறையில் கல்யாணமாகாத ஒரு வாத்தியார். அப்பா டிப்போவில் மெக்கானிக். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவருடைய நகக்கண்ணில் கறுப்பு போகாது. வீட்டுக்காரர் அவரைச் சாதாரண நாளில் ‘கிரீஸ்’ என்று கூப்பிடுவார். வாடகை கேட்கிற நாளில் மட்டும் ‘சார்’ என்பார். பிள்ளைகள் நாலு பேர். மூத்தவள் ஆனதால் இவள் பெரியவள். மற்ற மூன்று பேரும் வளர்ந்து ஆளுக்கொரு ஊர் என்று போய்விட்ட பிறகும் அவள் பெரியவளாகவே இருந்தாள்.

அப்பா சம்பளத்தில் ஆறு வயிறு நிரம்பாது. அதனால் அம்மா டிப்போக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். விடிகிற நேரத்தில் பற்றவைத்த அடுப்பு மத்தியானம் வரைக்கும் அணையாது. அந்தச் சமையலறைக்கும் பிள்ளைகள் இருந்த கூடத்துக்கும் நடுவில் ஒரு கனத்த சுவர். அந்தச் சுவரில்தான் அப்பா ஒரு லீவு நாளில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, தன் கையாலேயே ஒரு திறப்பு வெட்டினார். ஒரு பெரிய தட்டு குறுக்கே நுழைகிற அகலம். கம்பி கிடையாது, கதவு கிடையாது. கடைக்குட்டித் தம்பி அதற்குச் சோற்று ஜன்னல் என்று பேர் வைத்தான்.

அதற்குப் பிறகு வீடே வேறாகிவிட்டது. கூடத்தில் டிபன் கேரியர்களைத் திறந்து வரிசையாக வைத்துக்கொண்டு பிள்ளைகள் நாலு பேரும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் கைகள் வரும். ஆவி பறக்கிற சோறு வரும், குழம்பு வரும், தோல் உரித்த முட்டை வரும். அம்மாவின் முகம் தெரியாது, கையும் குரலும்தான். “டிரைவருக்குக் காரம் கம்மி, அதைத் தனியா வை”, “ஏய், முட்டையை எண்ணித்தான் வச்சிருக்கேன்.” தங்கச்சி உள்ளே கையை விட்டு முட்டையைத் திருடப் போவாள், கரண்டிக் காம்பு அவள் விரலில் நோகாமல் ஒன்று போடும். மழை நாளில் அந்தத் திறப்பு வழியாக வருகிற அடுப்புச் சூட்டுக்கு நாலு பேரும் முகத்தைக் காட்டிக்கொண்டு, நீ நகரு, நீ நகரு என்று இடித்துக்கொள்வார்கள். அதைப்போல ஒரு கதகதப்பு பிறகு தன் வாழ்க்கையில் எங்கேயும் கிடைக்கவில்லை என்று பெரியவள் உறுதியாக நம்பினாள். புருஷன் தங்கமானவர், கடை ஓடுகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இருந்தாலும் அது கிடைக்கவில்லை.

இப்போது வீட்டை விற்கிறான் வீட்டுக்காரர் மகன். செருப்புக் கடை வைத்திருக்கிறான். இவள் வயதுதான், சின்ன வயதில் ‘குண்டு’ என்று கூப்பிட்டு ஓடவிட்டு அடித்த பையன். இப்போது ஒல்லியாகிவிட்டான், பேர் மட்டும் மாறவில்லை. விற்கப் போவதை இவளிடம்தான் முதலில் சொன்னான். கேட்ட அன்றே பெரியவள் மனசுக்குள் குடிபோய்விட்டாள். முன்பக்கத்தில் தையல் கடை. பின்பக்கத்தில் அவர்கள். அம்மாவைக் கூடத்தில் சோற்று ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து இவள் சமைத்து, அதே திறப்பு வழியாக அம்மாவுக்குச் சூடாகத் தட்டை நீட்ட வேண்டும். இது ஒன்றுதான் அவளுடைய ஆசை. அதற்காக எந்தக் கடனை வேண்டுமானாலும் வாங்கத் தயாராக இருந்தாள்.

ஆகையால் இன்ஜினீயர் வருவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் மீட்டர்காரர் அப்புறம் அசைய மாட்டார். தந்திரமாக ஒரு வழி பார்த்தாள்.

“சரி, பாக்கலாம். நம்ம மேஸ்திரி சித்தப்பாவையே கூட்டிட்டுப் போவோம். சொந்தக்காரர், காசும் கேக்க மாட்டார்.”

“உங்க சித்தப்பா டீ குடிச்ச வீடெல்லாம் ஸ்ட்ராங்குதான்” என்றார் மீட்டர்காரர். “நான் ஒருத்தரை விசாரிச்சு வச்சிருக்கேன். ஒரு இன்ஜினீயரம்மா. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாங்க இருந்த வீட்டை வேணாம்னு தடுத்து நிறுத்தினவங்க.”

“அதுக்குப் பேர் போனவங்களா? நல்ல ஆளாப் பாத்தீங்க.”

போன் போட்டதும் இன்ஜினீயரம்மா ஒரு நிபந்தனை வைத்தாள்: “மழை பெஞ்ச மறுநாள் கூப்பிடுங்க. நல்ல வெயில்ல பாத்தா எல்லா வீடும் ஒழுங்கான வீடுதான்.”

அந்த வருஷம் பார்த்து மழை தள்ளிப் போயிற்று. வானம் கண்ணாடி போலக் காய்ந்து கிடந்தது. குண்டு நேரே கடைக்கே வந்துவிட்டான்.

“பெரியவளே, என்னதான் முடிவு? இன்னொரு பார்ட்டி தினமும் போன் பண்றான். நீன்னுதான் நிறுத்தி வச்சிருக்கேன்.”

“மழை வரணும்டா.”

“நாத்து நடப் போறியா, வீடு வாங்கப் போறியா?”

விஷயத்தைச் சொன்னாள். குண்டுவுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. “எங்கப்பா கட்டின வீட்டுக்கு டாக்டரா? நல்லா இருக்கு. பாத்துக்கோ, எனக்கென்ன. ஆனா மாசக் கடைசிக்குள்ள சொல்லிடணும். அதுக்கு மேல நானும் பொறுக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மீட்டர்காரர் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதும், பெரியவள் அவரைப் பார்த்து முறைப்பதுமாகப் பொழுது போனது. கடைசியில் ஒரு சாயங்காலம் வெளுத்து வாங்கிற்று. ராத்திரி முழுக்கக் கொட்டி, விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது.

இன்ஜினீயரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு பை. பையில் டார்ச், சின்னச் சுத்தியல், மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒரு டியூப், டப்பா நிறைய வறுத்த கடலை. கடலையை எல்லாருக்கும் ஒரு கை கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். அதிகம் பேசவில்லை. எதையாவது பார்த்தால் “ம்” என்பாள். அந்த ஒவ்வொரு ‘ம்’முக்கும் பெரியவள் மீட்டர்காரர் முகத்தைப் பார்த்தாள்.

முதலில் மொட்டை மாடி. தேங்கிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தாள். தளத்தின் அடிப்பக்கம் கம்பி துருப்பிடித்துக் காரை வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்தாள். சுவர்களைத் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். மீட்டர்காரர் பின்னாலேயே போய் ஒவ்வொரு வட்டத்தையும் தானும் ஒரு தரம் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். குண்டு செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

மாடி அறையில் ஒரு மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. இன்ஜினீயரம்மா அதில் ஒரு மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தாள்.

“ம். இதுக்கு நேர் கீழ என்ன இருக்கு?”

“எங்க வீடு!” என்றாள் பெரியவள்.

கீழே வந்தார்கள். கடைசியாகக் குடியிருந்தவர்கள் காலி செய்து போனதில் அறைகள் வெறிச்சென்றிருந்தன. ஆனாலும் பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே காலடி வைத்தாள். சுவர் நிறம் மாறியிருந்தது, தரை அதே தரை. இன்ஜினீயரம்மா பைக்குள்ளிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தில் உருட்டிவிட்டாள். அது யோசித்து யோசித்து நகர்ந்து, சமையலறைச் சுவரில் போய் முட்டி நின்றது.

“எங்க காலத்துலயும் அப்படித்தான் மேடம்! எங்க உருட்டினாலும் அங்கதான் வந்து நிக்கும். தம்பி அழுவான், சமையக்கட்டு என் கோலியைச் சாப்பிடுதுன்னு.”

இன்ஜினீயரம்மா லேசாகச் சிரித்தாள். பெரியவளுக்கு அந்தச் சிரிப்பே பெரிய தைரியமாகப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோற்று ஜன்னல் முன்னால் நிறுத்தினாள். அது அங்கேயே இருந்தது. விளிம்பெல்லாம் கைபட்டுக் கைபட்டு மழமழவென்று தேய்ந்திருந்தது.

“இதைப் பாருங்க மேடம். இந்த வீட்டுலயே இதுதான் விசேஷம்.”

“யார் வெட்டினது இது?”

“எங்கப்பா” என்றாள். பெருமை தாங்கவில்லை.

“மேல இருக்கிற ரூம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சா?”

“இருந்துச்சே. வாத்தியார் இருந்தார். அப்பா சுத்தியலால அடிக்க அடிக்க, என்ன சத்தம் என்ன சத்தம்னு மாடியிலேருந்து எட்டிப் பாத்தார்.”

இன்ஜினீயரம்மா மண்டியிட்டு உட்கார்ந்து திறப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இந்தத் தடவை ‘ம்’ கூடச் சொல்லவில்லை. பிறகு எழுந்து, வாசல் பக்கம் பார்த்து, “கொஞ்சம் காரையைத் தட்டி எடுத்துப் பாக்கலாமா சார்?” என்று கேட்டாள்.

“தட்டுங்க, தட்டுங்க” என்றான் குண்டு. “மானம் போறதுன்னு ஆயாச்சு, முழுசாவே போகட்டும்.”

நாலு தட்டில் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கலுக்கு அடியில் இரண்டு இரும்புப் பட்டைகள் வளைந்து தெரிந்தன. துரு அவற்றை இலை இலையாக உரித்திருந்தது. மீட்டர்காரர் டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தார். முதலில் புரிந்துகொண்டது பெரியவள்தான். பஸ்ஸுக்கு அடியில், சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. டிப்போவில் கழித்துப் போட்டதை அப்பா தோளில் சுமந்து கொண்டுவந்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“எடை தாங்கற சுவர்ல ஜன்னல் வச்சா மேல இருக்கிற சுவத்தைத் தாங்க கான்கிரீட்ல லிண்டல் போடணும்” என்று இன்ஜினீயரம்மா நிதானமாகச் சொன்னாள். “மாடிச் சுவர் நேரா இது தலை மேலதான் உக்காந்திருக்கு. உங்கப்பாவுக்கு அது தெரிஞ்சிருக்கு. அதான் எதையாவது வைக்கணும்னு இதை வச்சிருக்கார். ஆனா ஸ்பிரிங் வளையறதுக்குன்னே செஞ்சது. வளைஞ்சிருக்கு. துருவும் தின்னிருச்சு. மாடி விரிசலுக்கு இதுதான் காரணம்.”

“அப்போ வீடு வேணாமா மேடம்?” என்றார் மீட்டர்காரர்.

“வீடு நல்ல வீடு சார். மத்ததெல்லாம் மராமத்துல சரியாப் போகும். இது ஒண்ணை மட்டும் விட்டு வைக்கக் கூடாது. ரெண்டு வழி இருக்கு. இந்தத் திறப்பு வேணும்னா, மாடிச் சுவத்தையே முட்டுக் குடுத்துத் தூக்கி நிறுத்தி, இரும்பு பீம் சொருகணும். பெரிய செலவு. வேணாம்னா செங்கல் வச்சு அடைச்சிடலாம். சுலபமா முடிஞ்சிடும்.” பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது திரும்பி நின்று, “ஏன் இவ்வளவு தாழ்வா வெட்டினார்? இன்னும் மேல வெட்டியிருந்தா நின்னு சமைக்கிறவங்களுக்கு வசதியா இருந்திருக்குமே” என்று கேட்டாள்.

“நாங்க சின்னப் பிள்ளைங்க மேடம், அதான்” என்றாள் பெரியவள்.

வீடு திரும்பினார்கள். பீமுக்கும் சேர்த்துக் கடன் வாங்குகிற தெம்பு அவர்களுக்குக் கிடையாது. அது இரண்டு பேருக்குமே தெரியும். அடைக்கிற செலவை விலையில் குறைத்துக்கொள்ளலாம் என்று குண்டு சொல்லிவிட்டான். மீட்டர்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. தட்டிப் பார்த்ததில் உருப்படியாகத் தேறிய வீடு அவர் அனுபவத்தில் இதுதான் முதல்.

“அடைச்சிட்டு வாங்கிடலாமே” என்றார் மெதுவாக.

“அதை அடைச்சிட்டா எனக்கு எதுக்குங்க அந்த வீடு? நாலு சுவத்தை எங்க வேணா வாங்கிக்கலாமே.”

“அதுக்கில்ல...”

“எங்கப்பா கையால வெட்டினது. அதை நானே கல்லு வச்சு மூடணுமா? நீங்க தட்டிப் பாக்காம இருந்திருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்.”

“தலையில விழற வரைக்கும் இருந்திருக்கும்” என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானமும் மழை. கடைக்கு யாரும் வரவில்லை. அம்மாவும் அவளும் மட்டும் இருந்தார்கள். பெரியவள் மெஷினை மிதித்த மிதியில் நூல் இரண்டு தரம் அறுந்தது. அறுந்த நூலோடு கோபமும் வெளியே வந்தது. நடந்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினாள். பஸ் பட்டையைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

“அதை எப்படி உள்ள கொண்டு வந்தார் தெரியுமா? பாயில சுத்தி, பாய் வாங்கிட்டு வர்ற மாதிரி” என்றாள்.

“நீயே சொல்லும்மா. அதை அடைக்கலாமா? உனக்கு மனசு வருமா?”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அதை எதுக்கு வெட்டினார்னு நினைக்கிறே?”

“தட்டு குடுக்கத்தான். நீ சுத்திக்கிட்டு வர வேணாம்னு.”

“பக்கத்துலயே வாசப்படி இருந்துச்சே. தட்டு குடுக்கறதுக்கு யாராவது சுவத்தை உடைப்பாங்களா?” அடுத்த ஊக்கை எடுத்துப் பாவாடையில் வைத்துப் பார்த்தாள். “ஒரு நாள் நான் போயிட்டேன்.”

“எங்க?”

“எங்கயோ. உலை கொதிச்சிட்டிருந்துச்சு. முதுகு விட்டுப் போற மாதிரி வலி. கூடத்துல நீங்க நாலு பேரும் என்னமோ சண்டை, என்னைத்தான் கூப்பிடறீங்க. சமையக்கட்டுல பின்கதவு ஒண்ணு உண்டில்ல? அது திறந்திருந்துச்சு. கரண்டியைக் கீழ வச்சேன். செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தேன். பஸ் நின்னுட்டிருந்துச்சு, ஏறிட்டேன்.”

பெரியவளின் கால் மெஷின் மிதியின் மேலேயே நின்றுவிட்டது.

“கண்டக்டர் நம்ம சோத்தைச் சாப்பிடறவர். எங்கக்கா போறீங்கன்னார். கடைசி வரைக்கும்னேன். டிக்கெட்டுக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டார். கடைசி ஸ்டாப்புல ஒரு மரத்தடியில உக்காந்தேன். யாரும் என்கிட்ட எதுவும் கேக்கலை. அது எவ்வளவு நல்லா இருந்துச்சுங்கறே!”

“திரும்பி வரக்கூடாதுன்னா போனே?”

“வரணும்னும் நினைக்கலை, வரக்கூடாதுன்னும் நினைக்கலை. பஸ் திரும்பறப்போ அதே கண்டக்டர் வந்து, அக்கா, ஏறுங்க, டிப்போவுல பசியோட இருப்பாங்கன்னார். ஏறிட்டேன். என்னை யாரும் தேடலை, சாப்பாட்டைத்தான் தேடியிருக்காங்க.” அம்மா சிரித்தாள். “நீதான் அடுப்பை அணைச்சிட்டு, சின்னதுங்களுக்கு ரொட்டியைப் பிச்சுக் குடுத்துட்டு உக்காந்திருந்தே. எங்கம்மா போனேன்னு கேட்டே. உப்பு வாங்கன்னு சொன்னேன். நம்பிட்டே.”

பெரியவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ மழையும் முட்டையும் சண்டையும் நினைவிருந்தது. அந்த நாள் மட்டும் அவளிடம் இல்லை. ஏமாந்துபோன சின்னப் பிள்ளையைப் போல அவளுக்கு அழுகை முட்டியது. “எங்களை விட்டுட்டுப் போக உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?”

“வந்துச்சு. அன்னிக்கும் அது எனக்குத் தப்பாத் தெரியலை, இன்னிக்கும் தெரியலை” என்றாள் அம்மா. சாப்பிட்டாயா என்று கேட்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். “கண்டக்டர் உங்கப்பாகிட்ட சொல்லாம இருந்திருப்பாரா? ஆனா அவர் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அடுத்த லீவுக்கு உளியும் சுத்தியலுமா வந்து நின்னார். மனுஷனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னே நினைச்சேன். உள்ளயே கெடக்கறே, பிள்ளைங்க முகமாவது தெரியட்டும்னார். அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அடுப்பைக் குறைக்கத் தெரியலை, சுவத்தை உடைச்சார்.”

வெளியே மழை வலுத்தது. அம்மா துணியை மடியில் வைத்துவிட்டாள்.

“அதுலயும் கூத்தைக் கேளு. அளவெடுக்க உங்க நாலு பேரையும் சுவத்தோரமா நிக்க வச்சார். உங்க மூஞ்சி உயரத்துக்கு வெட்டிட்டார். அந்தப் பக்கம் நிக்கறவ எவ்வளவு உயரம்னு பாக்கலை. நான் நேரா நின்னா எனக்குத் தெரியறது உங்க கேரியர்தான். முகம் தெரியணும்னா குனியணும்.”

“குனிஞ்சியா?”

“குனிஞ்சேன். குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். அவ்வளவு ஆசையா வெட்டியிருக்கார், உயரம் சரியில்லைன்னு எப்படிச் சொல்றது? நீங்களும் வளந்தீங்க. அப்புறம் நீங்க குனிஞ்சு என்னைப் பாக்கலை.” குறையாகச் சொல்லவில்லை. கை தன்னையறியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. “வீட்டை வாங்கணும்னா வாங்கு. நல்ல வீடுதான், எந்தக் கோடையிலயும் குழாயில தண்ணி நிக்காது. ஆனா அந்த ஜன்னலோரம் என்னை உக்கார வைக்கணும்னு ஆசைப்படாதே. அதை அடைச்சிடு. நான் குனிஞ்சது போதும்.”

பெரியவள் முகத்தைத் தைத்த சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். அப்பாமேல் கோபம் வந்தது. இரும்பைப் பாயில் சுருட்டிச் சுமந்து வந்த அப்பாமேல் கோபம் நிற்கவும் இல்லை. கதகதப்பு கதகதப்பு என்று தான் இத்தனை காலம் கொண்டாடிய சூடு அம்மா நின்று வெந்த அடுப்பின் சூடு என்பது இப்போதுதான் உறைத்தது. அழுகை அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, போனை எடுத்து இன்ஜினீயரம்மாவைக் கூப்பிட்டாள்.

“மேடம், வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அந்தத் திறப்பை அடைச்சிடுங்க.”

“நல்ல முடிவுங்க. இன்னொண்ணு உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அந்தச் சமையலறைப் பின்கதவு, நிலையெல்லாம் கரையான் அரிச்சுப் போயிருக்கு. வெளியே சந்துதானே, உபயோகமும் இருக்காது. இதோட சேத்து அதையும் செங்கல் வச்சு மூடிட்டா சுவருக்கு இன்னும் பலம். செலவும் மிச்சம்.”

“அது வேணாம் மேடம்” என்றாள் பெரியவள். “அந்தக் கதவு இருக்கட்டும். புது நிலை வச்சு, நல்ல கதவாப் போட்டுக் குடுங்க. உள்ளேருந்து சுலபமாத் திறக்கணும்.”

அம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.